மலட்டுப் பழியும் பொலிகாளையும்



மாடு வளர்த்த குடும்பங்களில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் ஒரு பசுவின்மேல் விழுந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. ‘மலடு’ என்பதே அச்சொல். இரண்டு தடவை, மூன்று தடவை காளைக்குச் சேர்த்தும் பசு சினைப்படவில்லை என்றால், ‘இது மலட்டு மாடு’ என்று தீர்ப்பாகிவிடும். சில நாளில் மாட்டுத் தரகர் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார். அது எங்கே போகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பில் ஒரு தரப்பு மட்டுமே விசாரிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பசுவின் தீனியைப் பற்றிப் பேசுவார்கள். அதன் சுழியைப் பற்றிப் பேசுவார்கள். கண்ணேறு பட்டது என்பார்கள். காளையைப் பற்றி ஒரு கேள்வியும் எழாது. அது திமிலை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. பசுவைக் கண்டால் பாய்ந்து வருகிறது. அதற்கு என்ன குறை என்பதே பொதுவான எண்ணம். இன்றைய பேச்சில் நாம் அந்தக் காளையை விசாரிக்கப் போகிறோம். நம் மலாக்காத் தோட்டங்களில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் சென்று, மறுபடி இங்கேயே வந்து சேர்வோம்.

மலாயாவில் வாணிப நோக்குடன் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது நம் மலாக்கா மாநிலத்தில்தான். 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். ரப்பர் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் வழியாக ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததுபோல் இந்திய மாடுகளும் கப்பலேறி வந்தன. வண்டி இழுக்க எருதுகள் வேண்டும். பால் குடித்துப் பழகிய மக்களுக்குப் பசு வேண்டும். உள்நாட்டில் இருந்த கெடா-கிளந்தான் மாடு சிறியது, உழைப்பாளி, எந்தப் புல்லையும் தின்று ஆண்டுக்கொரு கன்று போடக்கூடியது. ஆனால் கறவைக்கு ஏற்றதன்று. ஆகவே செஞ்சிந்தி, சாஹிவால், ஹரியானா, நம்மவர்கள் நெல்லூர் மாடு என்று சொல்லும் ஓங்கோல் எனப் பல இந்திய இனங்களின் இரத்தம் இங்கே வந்து ஒன்றோடொன்று கலந்தது. அந்தக் கலப்பின் வழித்தோன்றலைத்தான் கால்நடை இலாகாவினர் ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்று பெயரிட்டுத் தனி இனமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக எல்.ஐ.டி. மாடு என்பார்கள். தமிழ்த் தொழிலாளர் இந்த நாட்டுக்கு அளித்த கொடைகளைப் பட்டியலிடுகிறவர்கள் இந்த மாட்டை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு பசு என்பது என்ன? சம்பளம் துரையின் கையில் இருந்தது. பசு தொழிலாளியின் கையில் இருந்தது. காலையில் பால்மரம் வெட்டப் போகுமுன் கறந்து, மீந்த பாலைக் கம்பத்துக்கோ பட்டணத்துக்கோ அனுப்பினால் அன்றாடம் காசு. கன்று வளர்ந்தால் அது சேமிப்பு. மகளின் கலியாணமோ மகனின் பள்ளிச் செலவோ வந்தால், கொட்டகைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘மாடு’ என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று பொருள் உண்டு. லயத்து வாழ்க்கையில் அது அகராதிப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. மரங்களின் கீழே முளைத்த புல்தான் தீனி. வேலைக்குப் போகாத முதியவர்களும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும்தான் மேய்ப்பர்கள்.

பசுவை வளர்க்க இத்தனை காரணம் இருந்தது. காளையை வளர்க்க ஒரு காரணமும் இல்லை. அது பால் தராது. தீனியோ இரண்டு மடங்கு. ஆகவே காளைக்கன்று பிறந்தால் இரண்டே வழி. ஒன்று, கறிக்கு விற்பது. மற்றொன்று, காயடித்து வண்டி மாடாக்குவது. மலாக்கா மாட்டுவண்டிக்குப் பேர்போன ஊர். வளைந்த கூரையும் வண்ண வேலைப்பாடும் உள்ள அந்த வண்டிகள், அந்நாளில் மண்டி சஃபார் விழாவுக்குத் தஞ்சோங் கிலிங் கடற்கரையை நோக்கி வரிசையாகப் போகும். வண்டிக்கு எந்தக் கன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்? நெஞ்சு அகன்றது, கால் உறுதியானது, வளர்த்தி உள்ளது. அதாவது, இருப்பதில் மிகச் சிறந்த ஆண் கன்று காயடிக்கப்பட்டுவிடும். அதன் வித்து அத்தோடு நின்றுவிடும். யாரும் விலைக்குக் கேட்காத, காயடிக்க யாரும் நினைக்காத நோஞ்சான் ஒன்று மந்தையில் தங்கி, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகும். யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டுக்கு எது சரியோ அதைச் செய்தார். எல்லாருடைய சரியும் சேர்ந்து மந்தைக்குத் தவறாக முடிந்தது.

தாயகத்தில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. அதுதான் கோயில் காளை. நேர்ந்துகொண்டு கோயிலுக்கு விடப்பட்ட காளைக்கு ஊரே சொந்தம். எவர் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டுவார்களே ஒழிய அடிக்கமாட்டார்கள். காயடிப்பது என்ற பேச்சே இல்லை. இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தனியொருவர் வளர்க்க முடியாத பொலிகாளையை ஊரார் பொதுவில் வளர்க்கும் வழி அது. அதிலும் குறை இருந்தது: யார் நேர்ந்துகொண்டாரோ அவர் வீட்டில் பிறந்த கன்றே காளை; நல்ல கன்றா என்று பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரு காளை நிச்சயமாக இருந்தது. தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருந்தது. அவிழ்த்துவிட்ட காளைக்கு இடமில்லை. மண் கம்பெனியுடையது. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் கட்டற்ற காளையை எந்த நிர்வாகம் பொறுக்கும்?

தமிழ்நாட்டில் இதைவிடத் திருந்திய முறையும் இருந்தது. கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், குறிப்பாக நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்த விதம் மாட்டு வரலாற்றில் நிலைபெற்ற ஒன்று. கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் அங்கே உண்டு. கொழுக்கட்டைப் புல் வளர்ந்த அந்த நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும். வேலியின் பயன் மாடு வெளியே போகாமல் இருப்பது மட்டுமன்று. எந்தக் காளை எந்தப் பசுக்களோடு இருந்தது என்பது தெரியும். அது தெரிந்தால்தான் கன்று பிறக்காதபோது யாரைக் கேட்பது என்பதும் தெரியும். திறந்தவெளியில் பல காளைகள் கலந்து மேய்ந்தால் தந்தை யார் என்பதே புலப்படாது, குறையும் புலப்படாது.

அரசாங்கமும் மெல்லக் கண் விழித்தது. லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த இந்திய வேளாண்மை ராயல் கமிஷன் 1928-இல் தன் அறிக்கையை அளித்தது. தீனி குறையக் குறைய மாடு நலியும். மாடு நலிய நலிய, வேலைக்கும் பாலுக்கும் போதாமல் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். எண்ணிக்கை கூடத் தீனி இன்னும் குறையும் என்ற சுழலை அது எடுத்துக் காட்டியது. ஓசூரில் சென்னை அரசின் கால்நடைப் பண்ணை 1924-லேயே ஏற்பட்டிருந்தது. 1940-இல் சென்னை மாகாணத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. தகுதியற்ற காளைகளைக் காயடிக்கவும் தகுதியுள்ளவற்றுக்கு உரிமம் வழங்கவும் அது வழி செய்தது. சட்டம் சரி. ஆனால் காளையின் தகுதியைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். உயரம், நிறம், கொம்பு, திமில் இவைதான் அளவுகோல். இனப்பெருக்கத் திறன் கண்ணுக்குத் தெரிவதில்லையே!

இங்கேதான் நம் விசாரணையின் மையத்துக்கு வருகிறோம். காளையின் குறை ஏன் இத்தனை நூற்றாண்டு மறைந்தே இருந்தது?

முழு மலடான காளை அரிது. அப்படி ஒன்று இருந்தால் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும், ஒரு கன்றும் பிறக்காது, காளையை மாற்றிவிடுவார்கள். ஆபத்து அதிலில்லை. ஆபத்து அரைகுறைக் காளையில் இருக்கிறது. அதற்குச் சில கன்றுகள் பிறக்கும். அந்தக் கன்றுகளே அதற்குச் சாட்சி சொல்லும். ‘அடுத்த வீட்டு மாடு இதே காளைக்குத்தானே சினை பிடித்தது, உன் மாட்டில்தான் கோளாறு’ என்பார்கள். பல நாடுகளில், முன்கூட்டித் தேர்ந்தெடுக்காத காளைகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாவது இப்படிக் குறைபட்டதாக இருக்கக் கண்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மந்தையில் 30 பசுக்கள், ஒரு காளை. பசுவுக்கு 21 நாளைக்கு ஒருமுறை பருவம் வரும். நல்ல காளையானால் ஒரு தடவை சேர்த்ததில் நூற்றுக்கு 60 பசுக்கள் சினைப்படும் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 18 பசுக்கள் சினை; மீதி 12. இரண்டாம் சுற்றில் 7 சினை, மீதி 5. மூன்றாம் சுற்றில் 3 சினை, மீதி 2. ஒன்பது வாரத்தில் இரண்டே பசுக்கள் வெறுமையாக நிற்கும். அந்த இரண்டையும் பார்த்து, ‘இவற்றில் ஏதோ கோளாறு’ என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்போது காளையின் திறன் பாதி என்று கொள்ளுங்கள், நூற்றுக்கு 30. முதல் சுற்றில் 9 சினை, மீதி 21. அடுத்ததில் 6, மீதி 15. அதற்கடுத்ததில் 5, மீதி 10. பத்துப் பசுக்கள் வெறுமையாக நிற்கின்றன! இருபது பசுக்கள் சினைப்பட்டிருப்பதால் காளையின் பெயர் கெடவில்லை. ஒரு காளையின் குறை பத்துப் பசுக்களின் மலடாக உருமாறிவிட்டது. அந்தப் பத்தும் பத்து வெவ்வேறு வீட்டுப் பசுக்கள் என்றால், பத்து வீட்டிலும் தனித்தனியே வருந்துவார்களே தவிர, பத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க ஆள் கிடையாது. தோட்டத்து மந்தை அப்படிப்பட்டதுதான். வீட்டுக்கு ஒன்று, இரண்டு. எழுதி வைக்கும் பழக்கமும் இல்லை. கன்று ஈனாத பசுவுக்குப் பால் இல்லை. ஆகவே ஒவ்வொரு தவறிய சுற்றும் அந்த வீட்டுக்கு மூன்று வாரப் பால் நட்டம். எத்தனை நல்ல பசுக்கள் இந்தக் கணக்குத் தெரியாமல் கயிறு மாறிப் போயிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

காளைக்குக் குறை எப்படி வருகிறது? பல வழிகள். காளையின் விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உள்ளுடம்பின் சூட்டைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். கடுங்காய்ச்சல் வந்தால் அந்த வேலை கெட்டுவிடும். கோமாரி நோய் வந்த காளையை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண்ணும் கால்புண்ணும் ஆறி, காளை மறுபடி தீனி தின்னத் தொடங்கியதும், ‘பிழைத்துக்கொண்டது’ என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகும். அதற்குமேல் முதிர்ந்து வெளிவர மேலும் ஒரு வாரம், பத்து நாள். காய்ச்சலின் விளைவு இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் கழித்துத்தான் பசுக்களிடத்தில் தெரியும். அதற்குள் காய்ச்சலையே எல்லாரும் மறந்துபோயிருப்பார்கள்.

நோய்த் தொற்று இன்னொரு வழி. டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிரும், கேம்பிலோபேக்டர் என்னும் கிருமியும் காளையின் உறுப்பில் ஒளிந்திருக்கும். காளைக்கு ஒரு துன்பமும் இல்லை. பார்வைக்குப் பூரண ஆரோக்கியம். அது சேர்ந்த பசுக்களுக்கோ கரு தங்காது; அல்லது தங்கிச் சில வாரத்தில் கலைந்துவிடும். பசுவுக்கு மறுபடி பருவம் வரும். பார்ப்பவர் என்ன சொல்வார்? ‘பிடிக்கவே இல்லை’ என்பார். வீட்டுக்கு வீடு ஒரே காளையைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களில் இந்நோய்கள் பரவுவதற்குக் கேட்க வேண்டுமா?

மூன்றாவது, இரத்த உறவு. ஒரே காளை ஆறேழு ஆண்டு ஒரு தோட்டத்தில் இருந்தால், தன் மகளுக்கும் பேத்திக்கும் அதுவே துணையாகிவிடுகிறது. நம் வீட்டில் பெண் கொடுக்கும்போது அத்தனை முறை பார்க்கிறோம், மாட்டில் பார்ப்பதில்லை. கன்று சிறுத்துப் பிறக்கும். கரு தங்குவது குறையும். இது ஒரே நாளில் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக இறங்கும்.

இந்த மறைந்த குறைகளைக் காண மைக்ராஸ்கோப் வேண்டியிருந்தது. விந்தணுவை மனிதன் முதலில் கண்டது 1677-இல். ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் கண்ணாடியில் கண்டார். 1780-இல் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்ஸானி ஆண் துணையின்றி, விந்தைச் செலுத்தியே ஒரு பெண் நாயைக் கருவுறச் செய்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அது வேடிக்கையான சோதனையாகவே கிடந்தது. ரஷ்யாவில் இவானோவ் என்ற விஞ்ஞானிதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் குதிரைகளில் தொடங்கி அதைப் பண்ணை முறையாக்கினார். 1936-இல் டென்மார்க்கின் சாம்சோ தீவில் விவசாயிகள் சேர்ந்து செயற்கைக் கருவூட்டலுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சில பசுக்களே வைத்திருந்த சிறு விவசாயிகள்! நல்ல காளை ஒன்றைத் தனியே வாங்க அவர்களால் முடியாது. நம் தோட்டத்துக் குடும்பங்களின் நிலைமையும் அதேதான். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, நமக்கு இல்லை.

இந்தியாவில் இந்த முறை முதலில் நடந்தது மைசூரில். 1939-இல் அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத் குமரன் என்பவர் ஹள்ளிகார் பசுக்களுக்குச் செயற்கைமுறையில் கருவூட்டினார். 33 பசுக்கள் சினைப்பட்டன. 1942-இல் இஜத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பட்டாச்சார்யாவின் தலைமையில் சோதனைத் திட்டம் தொடங்கியது. விடுதலைக்குப் பின், 1951-இல் ஆரம்பித்த முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘ஆதார கிராமத் திட்டம்’ வந்தது.

அக்காலத்தில் விந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வார்கள். இரண்டு மூன்று நாளைக்குமேல் தாங்காது. இந்தத் தடையை உடைத்தது ஒரு தவறான சீட்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. லண்டனில் மில் ஹில் ஆராய்ச்சிக் கூடத்தில் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார்கள், பயனில்லை. சில மாதம் கழித்து, குளிரறையில் மிச்சமிருந்த கரைசலை எடுத்து மறுபடி முயன்றபோது விந்தணுக்கள் உயிரோடு மீண்டன! புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துப் பார்த்தால் மீண்டும் தோல்வி. மிச்சமிருந்த துளியை இரசாயனப் பரிசோதனைக்குக் கொடுத்ததில், அதில் சர்க்கரையே இல்லை; கிளிசரினும் முட்டைப் புரதமும்தான் இருந்தன. புட்டியில் சீட்டு மாறி ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கிளிசரின்தான் காவலன் என்று 1949-இல் உலகுக்கு அறிவித்தார்கள். 1952-இல் காளையின் உறைவிந்தும் பசுவைச் சினைப்படுத்தும் என்று போல்ஜும் ரோசனும் காட்டினார்கள். பிறகு மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜன் வந்தது. விந்து ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் நிலை வந்தது. காளை செத்த பிறகும் கன்று பிறக்கலாம் என்றாயிற்று.

இதில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள செய்தி ஒன்று மறைந்திருக்கிறது. விந்து குழாயில் வந்த அன்றுதான் காளை முதன்முறையாக விசாரணைக் கூண்டில் ஏறியது. ஒவ்வொரு முறை எடுத்த விந்தும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கப்பட்டது. அணுக்கள் எத்தனை, எத்தனை ஓடுகின்றன, எத்தனை தலை கோணியவை, வால் சுருண்டவை என்று எண்ணினார்கள். பார்வைக்குச் சிங்கம்போல் நின்ற காளைகள் சில தோற்றுப்போயின. அடக்கமாக நின்ற சில தேறின. பசுவின்மேல் பாயும் வேகத்துக்கும் விந்தின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது கண்கூடாயிற்று.

இனி மலேசியாவுக்கு வருவோம். 1969-இல் மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1972-இல் கால்நடை மேம்பாட்டுக்கென்று மஜுதெர்னாக் வாரியம் ஏற்பட்டு, சில ஆண்டுகள் இயங்கிப் பின்னர் கலைக்கப்பட்டது. 1970-களில் கால்நடை மருத்துவ இலாகா பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்தது. பாலைக் கொடுத்தால் காசு நிச்சயம் என்றதும், பால் அதிகம் தரும் மாட்டின்மேல் எல்லாருக்கும் ஆசை வந்தது. கறுப்பும் வெள்ளையுமான ஃபிரீஷியன் பேசப்பட்டது. ஆனால் குளிர்நாட்டு ஃபிரீஷியன் காளை நம் சமவெளி வெயிலில் திணறும். சூடு ஏற ஏற அதன் விந்தும் நலியும். திமிலுள்ள நம் மாட்டுக் காளை அந்தச் சூட்டைத் தாங்கும். ஆகவே ஃபிரீஷியனையும் சாஹிவாலையும் கலந்த மாடுகளை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரவழைத்தார்கள். அவற்றிலிருந்து இங்கே உருவாக்கிய மாட்டுக்கு ‘மாஃப்ரிவால்’ என்று பெயர். இறைச்சிக்காக மார்டி, பிராமன் இனத்தைக் கெடா-கிளந்தானோடு கலந்து ‘பிராக்மாஸ்’ என்ற இனத்தை உண்டாக்கியது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: வெளிநாட்டின் அளவும், இங்குள்ள மாட்டின் தாங்குதிறனும் சேர வேண்டும்.

சினை ஊசி தோட்டத்துக்கும் வந்தது. ‘ஹைவான் ஆபீஸ்’ ஆள் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வருவார். காளைக்கு அலையவேண்டியதில்லை; நோய் பயம் இல்லை. பலர் பயனடைந்தார்கள். ஆனால் ஊசி வந்த பிறகும் ‘மலடு’ என்ற சொல் ஓயவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திமிலுள்ள மாட்டின் பருவம் குறுகியது. பத்து மணி நேரம்கூட நிற்காது. பெரும்பாலும் இரவில் வந்து விடியுமுன் போய்விடும். மந்தையில் காளை இருந்தால் அது கண்டுபிடித்துவிடும். காளை இல்லாத கொட்டகையில் மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்பது பொது விதி. காலை முழுவதும் பால் மரத்தோடு இருந்துவிட்டு, மத்தியானம் வந்து பார்த்து, அதன்பின் ஆளுக்குச் சொல்லி அனுப்பி, அவர் மறுநாள் வந்தால்? ஊசி போட்டும் பிடிக்காது. குற்றம் நேரத்தின்மேல், பழி மறுபடியும் பசுவின்மேல்.

இதற்கிடையில் நிலமே மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஏறியது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை ஊடாங் வட்டாரத்தையே பாருங்கள். 1950-களின் இறுதியில் தெரெண்டாக் இராணுவ முகாம் எழுந்தது. 1994-இல் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. வேலைவாய்ப்பு வந்தது, நல்லதுதான். லயத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குப் போனவர்கள் மாட்டைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. எல்.ஐ.டி. மாடு சுருங்கியது. பசுவாவது பாலுக்காகச் சில இடங்களில் தப்பியது; அந்த இனத்துக் காளையைத் தேடினால் கிடைப்பது அதைவிடக் கடினம். 2017-இல் தமிழ்நாட்டில் ஏறு தழுவுதலுக்காக இளைஞர்கள் திரண்டபோது, ‘விளையாட்டு நின்றால் காளை வளர்ப்பவன் நின்றுவிடுவான், நாட்டு இனமும் நின்றுவிடும்’ என்ற வாதம் எழுந்தது நினைவிருக்கலாம். அந்த விளையாட்டைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும், பால் தராத விலங்கை வளர்க்க ஒருவனுக்கு ஏதாவது காரணம் வேண்டும் என்ற பகுதி உண்மை. நம் தோட்டங்களில் அந்தக் காரணம் என்றைக்கும் இருந்ததில்லை.

இன்றும் மாடு வைத்திருப்பவர்கள், செம்பனையின் கீழ் மந்தை மேய்ப்பவர்கள், இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக ஒன்றிரண்டு செய்தி. முதிர்ந்த காளை ஒன்றுக்கு 25, 30 பசுக்களுக்குமேல் விடவேண்டாம். காளை வாங்கும்போது திமிலைப் பார்ப்பதோடு விதைப்பையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கெட்டியாக, அழுத்தினால் வலி காட்டாமல் இருக்கவேண்டும். தையற்காரரின் அளவுநாடா ஒன்று போதும், அதன் சுற்றளவை அளக்க. ஐரோப்பிய இனங்களில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட காளைக்கு 34 சென்டிமீட்டராவது வேண்டும் என்பார்கள். தாமதமாக முதிரும் நம் மாட்டுக்கும், உருவில் சிறிய கெடா-கிளந்தானுக்கும் அது அப்படியே பொருந்தாது; ஆனால் ஒரே வயது, ஒரே இனத்துக் காளைகள் இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய காளையின் மகள்கள் விரைவில் பருவமடைவதையும் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட காளையை உடனே தள்ளிவிடாமல், இரண்டு மாதம் கழித்து விந்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் தேறிவிடும். மூன்று ஆண்டுக்கொருமுறை காளையை மாற்றினால் மகளோடு சேரும் தொல்லை இல்லை.

கொட்டகைத் தூணில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். எந்தப் பசு, எந்தக் காளை, எந்தத் தேதி என்று மூன்றே கட்டம். இருபத்தொன்றாம் நாள் பசு திரும்பிக் கத்தினால் அதையும் குறியுங்கள். ஒரே மாதத்தில் ஒரே காளைக்குச் சேர்த்த மூன்று நான்கு பசுக்கள் திரும்பினால், தரகருக்குச் சொல்லி அனுப்புமுன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் காளையைக் காட்டுங்கள்.